காவேரிப்பட்டணத்திலிருந்து குரூசிபிள் வரை: உலக ஸ்னூக்கர் போட்டியை நேரில் காண ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே எனக்கு நாலரை ஏக்கர் மாந்தோப்பும் ஓர் உரக்கடையும் உண்டு. கல்லூரி நாட்களில் ஓசூரில் கியூ, அதாவது மேசைமேல் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் ஸ்னூக்கர் கோல், பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அன்று முதல் ஸ்னூக்கரை விடவில்லை. 2019-இல் கொச்சியில் இந்தியன் ஓப்பன் தரவரிசைப் போட்டி, அதாவது வீரர்களின் உலகத் தரவரிசைக்குக் கணக்கில் சேரும் போட்டி, நடந்தது. மேத்யூ செல்ட் கோப்பையை வென்றார். ஓர் இரவு ரயிலில் போயிருக்கலாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு 2025 வரை இந்தியாவில் தரவரிசைப் போட்டி எதுவும் நடக்கவில்லை. எனவே நேராக, குரூசிபிள் அரங்கம் இருக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். 2025 ஏப்ரலில் உலக சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றையும் முதல் சில நாட்களையும் நேரில் பார்த்துத் திரும்பினேன்.

இதற்குள் ஒரு முறை விசா மறுக்கப்பட்டது. டிக்கெட் வாங்கியதில் ஒரு பிழை செய்து, பார்த்திருக்க வேண்டிய ஆட்டத்தின் முடிவைத் தவறவிட்டேன். விவசாய வருமானத்தில் வாழ்கிற ஒருவர் என்னென்ன காகிதங்களைத் திரட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நம் பகுதியிலிருந்து அடுத்துப் புறப்படுகிறவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1. முதலில் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் டிக்கெட் வாங்கினால் பணம் வீணாகும். போட்டி ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கி 17 நாட்கள் நடக்கிறது. மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை முடிகிறது. 2025-இல் ஏப்ரல் 19 முதல் மே 5 வரை நடந்தது. குரூசிபிள் அரங்கத்தில் 32 பேர் ஆடுகிறார்கள். தரவரிசையின் முன்னணியில் உள்ள 16 பேர் நேரடியாக வருகிறார்கள். மீதி 16 பேர் தகுதிச் சுற்றுகளில் வென்று வருகிறார்கள்.

ஒவ்வோர் ஆட்டமும் பல அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பந்துகளை அடுக்கித் தொடங்கி ஆடும் ஒரு சிறு ஆட்டமே ஃபிரேம். முதல் சுற்றில் முதலில் 10 ஃபிரேம் வென்றால் வெற்றி; இரண்டு அமர்வுகள். இரண்டாம் சுற்றிலும் காலிறுதியிலும் 13 ஃபிரேம், மூன்று அமர்வுகள். அரையிறுதியில் 17 ஃபிரேம், நான்கு அமர்வுகள். இறுதி ஆட்டத்தில் 18 ஃபிரேம், நான்கு அமர்வுகள், இரண்டு நாட்கள். நீங்கள் வாங்கும் டிக்கெட் ஓர் அமர்வுக்கானது, ஓர் ஆட்டத்துக்கானது அல்ல.

அந்த நாட்டு நேரப்படி காலை 10, பிற்பகல் 2.30, இரவு 7 மணிக்கு அமர்வுகள் தொடங்குகின்றன. ஏப்ரலில் நம் கடிகாரம் நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை பிற்பகல் 2.30, மாலை 7, இரவு 11.30.

2. டிக்கெட்: ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே

ஒரு போட்டி முடிகிற காலத்திலேயே அடுத்த ஆண்டுக்கான விற்பனை தொடங்கிவிடுகிறது. குரூசிபிள் ஏறத்தாழ 980 இருக்கைகளே உள்ள சிறிய நாடக அரங்கம். இறுதி ஆட்டத்துக்கும் அரையிறுதிக்கும் டிக்கெட் கிடைப்பது அரிது. முதல் முறை போகிறவர்கள் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது காலை முதல் இரவு வரை ஆட்டம், இரண்டு மேசைகள், நிறைய வீரர்கள். நான் 2024 கோடையில் வாங்கினேன். ஓர் அமர்வுக்கு 60 பவுண்டுக்கு மேல் ஆனது.

வாங்கும்போது யார் யாரோடு ஆடுவார் என்று தெரியாது. தகுதிச் சுற்று முடிந்த பிறகுதான், போட்டி தொடங்க ஓரிரு நாட்கள் இருக்கும்போது, முதல் சுற்றுக்கான குலுக்கல் நடக்கிறது. முன்கூட்டியே உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். முந்தைய ஆண்டின் சாம்பியன் முதல் சனிக்கிழமை காலை ஆடுவார்.

என் பிழை இங்கேதான் நடந்தது. 2024 சாம்பியன் கைரன் வில்சனைப் பார்க்க அந்தச் சனிக்கிழமையின் காலை அமர்வுக்கு மட்டும் வாங்கியிருந்தேன். அந்த ஆட்டம் இரவு அமர்வில்தான் முடியும் என்பதை யோசிக்கவில்லை. இரவு, அரங்கத்துக்கு வெளியே இருக்கும் சதுக்கத்துப் பெரிய திரையின் முன் குளிரில் நின்றேன். சீன வீரர் லெய் பெய்ஃபான் 10–9 என்று வில்சனை வெளியேற்றினார். கடைசி ஃபிரேம் நடந்துகொண்டிருந்த மேசை எனக்கு நூறடி தூரத்தில், ஒரு சுவருக்கு அப்பால் இருந்தது. காலையில் ஓர் ஆட்டத்தின் தொடக்கத்துக்கு டிக்கெட் வாங்கினால், அதே ஆட்டம் முடியும் அமர்வுக்கும் சேர்த்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நீண்ட ஆட்டத்தின் கடைசி அமர்வுக்கு மட்டும் வாங்கினால், ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அதே ஆண்டின் அரையிறுதியில் சீன வீரர் ஜாவ் ஷின்டாங், ரோனி ஓ’சல்லிவனை 17–7 என்று வென்றபோது ஓர் அமர்வு முழுதும் மீதமிருந்தது. இறுதி ஆட்டத்திலும் மூன்றாம் அமர்வு முடிந்தபோது 17–8. ஜாவுக்கு இன்னும் ஒரு ஃபிரேம் போதும். அவரை எதிர்த்து ஆடிய மார்க் வில்லியம்ஸ் அடுத்த நான்கு ஃபிரேம்களை வென்றதால்தான் கடைசி இரவு ஓரளவு நீண்டு, 18–12 என்று முடிந்தது. அமர்வு நடக்காமல் போனால் பணம் என்னவாகும் என்று டிக்கெட்டின் விதிகளைப் படித்த பிறகே அப்படிப்பட்ட அமர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

இரண்டு மேசைகளில் ஆட்டம் நடக்கும் நாட்களில் நடுவே தடுப்பு இருக்கும். உங்கள் இருக்கை ஏதாவது ஒரு மேசைக்கானது. எந்த மேசை என்று பார்த்து வாங்குங்கள்.

பணம் கட்டும்போது நம் ஊர் வங்கி அட்டை பெரும்பாலும் தோற்றுவிடும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை அதில் முடக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் முந்தைய நாளே அதைத் திறந்துவையுங்கள். எனக்கு இரண்டு இருக்கைகள் அப்படித்தான் கைநழுவின.

குறைந்த செலவில் நிறைய ஸ்னூக்கர் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தகுதிச் சுற்று ஒரு வரம். 2025-இல் அது அதே ஊரில், ஆங்கில விளையாட்டுக் கழக வளாகத்தில் நடந்தது. டிக்கெட் விலை குரூசிபிளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கடைசிச் சுற்றில் எலியட் ஸ்லெஸ்ஸரை ஜாவ் 10–8 என்று வென்றபோது நான் மேசையிலிருந்து சில அடி தூரத்தில் இருந்தேன். நடுவர் வெள்ளைக் கையுறையோடு குனிந்து வெள்ளைப் பந்தைத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைக்கும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அங்கே தொழில்முறை அல்லாத வீரராக முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த ஜாவ், மூன்று வாரத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் சீனர் ஆனார்.

3. கடவுச்சீட்டு: பெயரில் கவனம்

புதிய கடவுச்சீட்டுக்கு 36 பக்கப் புத்தகம் என்றால் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. இணையத்தில் விண்ணப்பித்து, காட்டப்படும் மையங்களில் உங்களுக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். காவல் துறை விசாரணைக்கு வரும்போது வீட்டில் இருங்கள். தோப்பில் இருந்ததால் எனக்கு அதிலேயே இரண்டு வாரம் போயிற்று.

நம்மவர்களுக்கு உள்ள சிக்கல் தலைப்பெழுத்து. ஆதாரில் ஒருவிதம், வங்கியில் ஒருவிதம், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதம் என்றுதான் பலருக்கும் இருக்கிறது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் விசாப் படிவம், விமான டிக்கெட், வங்கி அட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வங்கிக் கணக்கின் பெயரையும் இப்போதே இதற்கு ஒத்து மாற்றிவிடுங்கள்.

4. வங்கிக் கணக்கும் தோப்புக் காகிதங்களும்: ஆறு மாதம் முன்பே

என் முதல் விண்ணப்பம் தோற்றது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மாந்தோப்பைப் பூப்பருவத்திலேயே வியாபாரியிடம் குத்தகைக்கு விடுவது வழக்கம். முன்பணம் கையில் ரொக்கமாக வரும். 2025 ஜனவரியில் வந்த பணத்தை மொத்தமாக வங்கியில் கட்டினேன். இருப்பு பெரிதாகத் தெரிந்தால் நல்லது என்று ஒரு முகவர் சொன்னதையும் நம்பினேன். அடுத்த வாரமே விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதத்தின் சாரம் இதுதான்: இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கப்படவில்லை, காட்டிய வருமானத்தோடு பொருந்தவில்லை, ஆகவே இந்தியாவுக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை. கடிதத்தைப் படித்த அன்று கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் மறுநாள் நிதானமாகப் படித்தபோது, அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன் என்று தோன்றியது.

இரண்டாம் முறை நான் சேர்த்தவை இவை. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை. குத்தகை ஒப்பந்தம், முத்திரைத்தாளில். வியாபாரி கையொப்பமிட்ட ரசீது. முந்தைய இரண்டு ஆண்டுக் குத்தகைப் பணம் வந்ததைக் காட்டும் வங்கிப் பக்கங்கள், அதாவது ஒவ்வோர் ஆண்டும் இதே பருவத்தில் பணம் வருவது வழக்கம் என்பதற்கான சான்று. பட்டா, சிட்டா. உரக்கடையின் உரிமம், ஜிஎஸ்டி பதிவு. மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு.

வருமான வரிக் கணக்கில் விவசாயிகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு என்பதால் பலரும் அதைக் கணக்கிலேயே காட்டுவதில்லை. அப்போது வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு உங்கள் ஆண்டு வருமானம் கடை லாபம் மட்டுமே. விலக்குள்ள வருமானம் என்ற பகுதியில் அதைக் குறிப்பிட்டே கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் நினைத்தால் பயனில்லை. முந்தைய ஆண்டுக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பையும் மறக்காதீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணம் எதுவானாலும் முழு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நான் முதல் முறை சிட்டாவைத் தமிழிலேயே வைத்துவிட்டேன். ‘நன்செய்’, ‘புன்செய்’, ‘தீர்வை’ என்ற சொற்களைப் படிக்காத ஒருவரின் மேசையில் அது வெறும் தாள். இரண்டாம் முறை பட்டா, சிட்டா, ஒப்பந்தம் மூன்றுக்கும் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது.

5. விசா விண்ணப்பம்

பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் நடுவில் போவதாக இருந்தால் ஜனவரி நடுவில் தொடங்குங்கள். முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வருகிறது. மறுக்கப்பட்டால் திரும்ப விண்ணப்பிக்க அவகாசம் இருக்கும். எனக்கு இருந்தது, அதனால்தான் போக முடிந்தது.

ஆறு மாத வருகை விசாவுக்கு நான் கட்டியபோது 115 பவுண்டு. 2025 ஏப்ரலில் 127 ஆனது. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது, மேல்முறையீடும் இல்லை; புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதிய படிவத்தில் முந்தைய மறுப்பைப் பற்றிக் கேள்வி இருக்கும். ‘ஆம்’ என்றே எழுதி, காரணத்தையும் இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மறைப்பது தெரிந்தால் பத்தாண்டு வரை தடை விதிக்கப்படலாம். ‘இல்லை என்று போட்டுவிடலாம்’ என்று அந்த முகவர் அப்போதும் சொன்னார். அதன் பிறகு படிவத்தை நானே நிரப்பினேன்.

கைரேகைக்கும் படத்துக்கும் விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும். நமக்குச் சென்னையைவிடப் பெங்களூரு நெருக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போய் மாலை திரும்பிவிடலாம். ஓசூரைத் தாண்டியதும் நெரிசல் இருக்கும், எனவே நேர ஒதுக்கீட்டை 11 மணிக்குப் பிறகு வாங்குங்கள். மையத்தில் சிறப்பு அறை, குறுஞ்செய்தி என்று கூடுதல் சேவைகளைக் கேட்பார்கள். அவை எதுவும் கட்டாயமில்லை.

ஒரு பக்க விளக்கக் கடிதம் இணையுங்கள். எந்தத் தேதியில் எந்த அமர்வு, எங்கே தங்கல், யார் செலவு, தோப்பையும் கடையையும் அந்த நாட்களில் யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதினால் போதும். மே மாத அறுவடைக்கு நான் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தேன். திரும்பி வருவதற்கு அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. போட்டி டிக்கெட்டுகளின் நகலையும் வைத்தேன்.

6. விமானம், ரயில், அறை

விசா கையில் வருமுன் விமானத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பயணத்திட்டம் சொன்னால் போதும். மார்ச்சில் வாங்கியதால் எனக்குச் சற்றே விலை கூடிற்று, ஆனாலும் பரவாயில்லை. பெங்களூரிலிருந்து வளைகுடா வழியாக மான்செஸ்டருக்குப் போங்கள். அங்கிருந்து ஷெஃபீல்டு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லண்டனில் இறங்கினால் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். ஷெஃபீல்டு நிலையத்திலிருந்து அரங்கம் பத்து நிமிட நடை.

ஊரிலிருந்து விமான நிலையத்துக்குப் போவதையும் கணக்கில் எடுங்கள். விமான நிலையம் பெங்களூரின் வடகோடியில் இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து நுழைகிறோம். எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தில் ஏறினால் பெட்டியோடு ஊருக்குள் அலைய வேண்டாம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்கினேன். ஐந்தே முக்கால் ஆனது.

ஈஸ்டர் விடுமுறை சில ஆண்டுகளில் இதே நாட்களை ஒட்டி வருகிறது. 2025-இல் ஏப்ரல் 20 ஈஸ்டர். அறை வாடகையும் ரயில் கட்டணமும் அந்த வாரம் ஏறின. ரத்து செய்யக்கூடிய அறையை டிக்கெட் வாங்கிய அன்றே பிடித்துவையுங்கள். ஊர் நடுவில் விலை அதிகமென்றால் மெடோஹால் பக்கம் தங்கி டிராமில் வரலாம்.

சித்திரை முதல் நாளன்று நான் போய் இறங்கினேன். கிருஷ்ணகிரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அங்கே காலையில் குளிர் எலும்பைத் தொட்டது. கனமான மேற்சட்டையும், மூன்று செவ்வக முனைகள் உள்ள மின்செருகி மாற்றியும் கட்டாயம் தேவை.

குடியேற்றச் சோதனையில் அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். போட்டி டிக்கெட்டைக் காட்டினேன். யார் வெல்வார் என்று கேட்டார். ஓ’சல்லிவன் என்றேன். முத்திரை விழுந்தது.

7. அரங்கத்துக்குள்

டிக்கெட் கைபேசியில் இருக்கும். இணைய இணைப்பை நம்பாமல் முன்பே தரவிறக்கி வையுங்கள். பெரிய பைகளை அனுமதிப்பதில்லை. ஃபிரேம் நடக்கும்போது எழுந்து போகவோ உள்ளே வரவோ முடியாது. ஏற்ற இடைவெளி வரும் வரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கைபேசியை முழுதும் அணைத்துவிடுங்கள். காதில் வைத்து வர்ணனை கேட்கும் சிறு கருவி அங்கேயே விலைக்குக் கிடைக்கிறது, வாங்குங்கள். தற்காப்பு ஆட்டம் நீளும்போது ஏன் இந்தப் பந்து, ஏன் இந்த மூலை என்று புரியவைப்பது அதுதான்.

8. செலவுக் கணக்கு

எட்டு இரவுகள், ஒருவர். விமானம் 74,000. விசா இரண்டு முறை 25,000. அறை 52,000. போட்டி டிக்கெட்டுகள், தகுதிச் சுற்று உட்பட, 37,000. ரயில், டிராம் 9,000. சாப்பாடு 25,000. மொழிபெயர்ப்பு, மேற்சட்டை, மற்றவை 12,000. மொத்தம் 2,34,000 ரூபாய். இதில் விசா மறுப்பு இல்லையென்றால் 12,500 குறைந்திருக்கும். அறையில் சமைக்க வசதி இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். அரிசியும் பருப்பும் அங்கே எளிதாகக் கிடைக்கின்றன.

இவ்வளவு முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2025 மார்ச்சில் உலக கிராண்ட் பிரி தரவரிசைப் போட்டி ஹாங்காங்கின் கை டக் வளாகத்தில் நடந்தது. நீல் ராபர்ட்சன் இறுதியில் ஸ்டூவர்ட் பிங்கமை 10–0 என்று வென்றார். இந்தியர்கள் ஹாங்காங்குக்கு 14 நாட்கள் வரை விசா இல்லாமல் போகலாம், இணையத்தில் வருகை முன்பதிவு செய்தால் போதும். கட்டணமும் இல்லை. ஒவ்வொரு பருவத்தின் அட்டவணையும் வெளிவரும்போது ஆசிய நகரங்களில் என்னென்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் விசாவையும், போன தேதி வந்த தேதிக்கான விமான அட்டைகளையும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த விண்ணப்பத்தில் ‘சொன்ன தேதியில் திரும்பினேன்’ என்பதற்கு அவைதான் சான்று. நான் அவற்றைப் பட்டா வைத்திருக்கும் அதே உறையில் வைத்திருக்கிறேன்.